அந்தக் காலத்தில் ஏ.சி. இருந்ததா?

போன ஆவணியில் நாமக்கல்லில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்தோம். சுற்றி இருந்தவர்களில் பாதிப்பேர் லாரி வைத்திருப்பவர்கள், மீதிப்பேர் அவர்களுக்குச் சம்பந்தி. நாமக்கல் கல்யாணத்தில் வேறு எப்படி இருக்கும்? பேச்சும் லாரியில்தான் வந்து நின்றது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று 2023 டிசம்பரிலேயே மத்திய அரசு அறிவித்திருந்ததல்லவா, அதைப் பற்றி.

என் வயதுக்காரர் ஒருவர், நல்ல மனிதர், நிறைய பேருக்குப் படிப்புச் செலவு கொடுத்தவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க, அந்தக் காலத்துல ஏ.சி.யா இருந்துச்சு? எங்க அப்பன் காலத்து டிரைவருங்க தலையில ஈரத்துண்டைச் சுத்திக்கிட்டு பம்பாய் வரைக்கும் போயிட்டு வரலீங்களா? அவுங்கல்லாம் டிரைவருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சேலம் வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. ஏன் சிரித்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். இதைப் படிப்பவர்களில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. இனி யாருக்குப் பயந்து எழுத வேண்டும்?

நான் காரைக்காலில் பிறந்து பிரெஞ்சில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் கார் ஓட்டுகிறவரை 'ஷொஃபேர்' என்போம். வெள்ளைச் சட்டை, தொப்பி, துரைக்குக் கதவு திறந்து விடுகிற கை என்று அந்தச் சொல்லுக்கு ஒரு கம்பீரம் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் வாத்தியார் அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டினார். 'ஷொஃபே' என்றால் சூடாக்குவது. 'ஷொஃபேர்' என்றால் சூடாக்குகிறவன், அதாவது அடுப்பு மூட்டுகிறவன். முதலில் வந்த வண்டிகளில் பல நீராவியில் ஓடின. கரியை அள்ளிப் போட்டுக் கொதிகலனைச் சூடாக்க ஒரு ஆள் வேண்டும். அவன்தான் ஷொஃபேர். பெட்ரோல் வண்டி வந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது.

வாத்தியார் இன்னொரு கதையும் சொன்னார். 1894-ல் பாரிசிலிருந்து ருவான் நகரம் வரை மோட்டார் வண்டிப் போட்டி நடந்தது. உலகத்தின் முதல் மோட்டார் போட்டி என்று அதைத்தான் சொல்கிறார்கள். தெ தியோன் என்ற பிரபுவின் நீராவி வண்டி எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தது. ஆனால் முதல் பரிசு அதற்குக் கிடைக்கவில்லை. காரணம், அந்த வண்டிக்கு அடுப்பு மூட்ட ஒரு ஆள் தேவைப்பட்டான். பரிசைப் பெட்ரோலில் ஓடிய பெழோ வண்டிக்கும் பனார் வண்டிக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். வகுப்பில் நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். அந்த ஆள் என்ன ஆனான் என்று யாரும் கேட்கவில்லை. 126 கிலோமீட்டர் தூரமும் நெருப்புக்கு முன்னால் நின்றவன் அவன்தானே?

அவனை நான் பிறகு சேலத்தில் பார்த்தேன். அவர் என் தாய்மாமா.

அப்பா போன பிறகு அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீடான சேலத்துக்கே வந்துவிட்டார். மாமா அப்போது லாரி டிரைவர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், பத்துப் பன்னிரண்டு வயதில், கரி பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்தவர். பெட்ரோலுக்குக் கடுமையான ரேஷன் இருந்த காலம் அது. பஸ்ஸின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு உருளையை மாட்டி, அதில் மரக்கரியைப் போட்டு எரித்து, வருகிற வாயுவில் இன்ஜினை ஓட்டினார்கள். டி.வி.எஸ். கம்பெனியார் செய்து கொடுத்த காஸ் பிளான்ட் அப்போது மாகாணம் முழுக்கப் பிரபலம். பிரான்சிலும் அதே சமயத்தில் அதே மாதிரி வண்டிகள்தான் ஓடின. 'கஸோழேன்' என்பார்கள். போர் வந்தால் துரைக்கும் கரிதான், நமக்கும் கரிதான்.

நம் பக்கத்துப் பெரியவர்கள் கரி பஸ்ஸைப் பற்றிப் பேசும்போது சிரிப்பார்கள். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளுவார்களாம், காபி குடித்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொள்ளலாமாம். மாமாவின் கணக்கு வேறு. காலை ஆறு மணி வண்டிக்கு அவர் மூன்றரை மணிக்கு எழுந்து கரி மூட்ட வேண்டும். காற்றாடிக் கைப்பிடியை விடாமல் சுற்ற வேண்டும். நெருப்புப் பிடித்து நல்ல வாயு வரும் வரை கை ஓயக் கூடாது. வழியில் உருளை மூடியைத் திறந்து கரி கொட்டும்போது குப்பென்று தீ வரும். அந்த வாயு விஷம். மூடியருகே அதிக நேரம் நின்றால் தலை சுற்றி விழ வேண்டியதுதான். மாமாவின் வலது கையில் முழங்கைக்குக் கீழே முடியே முளைக்காது. தோல் வெந்து சுருங்கி வழவழவென்று இருக்கும். சின்ன வயதில் அதைத் தடவிப் பார்ப்பேன். "அது கரி பஸ் கொடுத்த கங்கணம்டா மாப்ளே" என்பார்.

பள்ளி லீவில் சில தடவை அவருடன் லாரியில் போயிருக்கிறேன். நாமக்கல், கரூர், இந்தப் பக்கம் தர்மபுரி. அறுபதுகளின் நடுப்பகுதி. பெட்ஃபோர்டும் ஃபார்கோவும் ஓடிக்கொண்டிருந்தன. லேலண்ட் காமெட்டும் டாடா பென்ஸும் புது மாப்பிள்ளைகள். பவர் ஸ்டியரிங் கிடையாது. லோடு ஏற்றிய வண்டியைத் திருப்ப மாமா சீட்டிலிருந்து பாதி எழுந்து தோளைக் கொடுத்துத் தள்ளுவார். கியர் மாற்றுவது ஒரு வித்தை. கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, மறுபடி மிதித்து அடுத்த கியர். அதைத்தான் டபுள் கிளட்ச் என்பார்கள். நேரம் தவறினால் கியர் பாக்ஸ் ஊரே கேட்கும்படி கத்தும்.

பழைய வண்டிகளுக்குக் காலையில் ஹேண்டில் போட வேண்டும். பேட்டரி என்பது பல நாட்களில் பெயருக்குத்தான். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்கச் சொல்லுவார் மாமா. கைப்பிடியைச் சுற்றிப் பிடித்தால், இன்ஜின் திருப்பி அடிக்கும்போது கட்டை விரலோ மணிக்கட்டோ முறிந்துவிடும். லாரி ஸ்டாண்டில் கை வளைந்த கிளீனர்களை நானே பார்த்திருக்கிறேன்.

தொப்பூர் கணவாயில் தர்மபுரிப் பக்கம் ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்கும். கிளீனர் கீழே குதித்து, பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு, தகர டின்னோடு தண்ணீருக்கு ஓடுவார். கேபினுக்குள் இன்ஜின் சூடு தகரத்தின் வழியாகக் காலைப் பொசுக்கும். சித்திரையில் எனக்கு அரை மணி நேரம் தாங்காது. மாமா பதினாலு மணி நேரம் அதற்குள் இருப்பார்.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்லலாம். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லி வந்தேன். "என் மாமா நாற்பது வருஷம் ஓட்டினார், ஒரு கீறல் கிடையாது" என்று. கல்யாண வீட்டில் நண்பர் சொன்னதும் இதே ஜாதிப் பெருமைதான்.

மாமா இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, திண்ணையில் உட்கார்ந்து இப்படித்தான் யாரிடமோ அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். ஆள் போன பிறகு கூப்பிட்டுச் சொன்னார்: "மாப்ளே, இனி அப்படிச் சொல்லாதே." ஓமலூருக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி, தூக்கமில்லாத மூன்றாவது ராத்திரி, கண் அசந்து ஒரு மாட்டு வண்டியின் மேல் ஏற்றியிருக்கிறார். மாடுகள் இரண்டும் செத்துப்போயின. வண்டிக்காரர் வயலில் விழுந்து பிழைத்தார். முதலாளி காசு கொடுத்து முடித்துவிட்டார். அந்தக் காசு ஒரு வருடம் மாமாவின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. "எத்தனை தடவை கண்ணு சொருகியிருக்குன்னு கணக்கே இல்லைடா. ரோடு காலியா இருந்துச்சு. அதனால பொழைச்சேன்" என்றார்.

ரோடு காலியாக இருந்தது. அந்தக் கால டிரைவரின் நல்ல பெயருக்குப் பெரிய காரணம் அதுதான். அவர்கள் திறமைசாலிகள், மறுக்கவில்லை. ஆனால் முப்பது மைல் வேகம் போனாலே பெரிதாகப் பேசிய வண்டி, எப்போதோ ஒன்று எதிரே வரும் சாலை. கண் அசந்தால் புளியமரத்துக்கு முன்னால் விழித்துக்கொள்ள ஒரு நொடி கிடைத்தது. இன்று அதே ஒரு நொடியில் நாலு வழிச் சாலையில் முன்னால் ஒரு பஸ், பக்கத்தில் ஒரு கார், நடுவில் ஹெல்மெட் இல்லாமல் நம் பேரன். அதே தூக்கம், அதே மனித உடம்பு. சாலை மட்டும்தான் மன்னிப்பதை நிறுத்திவிட்டது.

"அப்போது சட்டம் இல்லை, யாருக்கும் தெரியவில்லை" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. 1939 மோட்டார் வாகனச் சட்டத்திலேயே டிரைவரின் வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு. ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. தூர ஓட்டம் போன்றவற்றுக்குத் தளர்த்தினாலும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி. வாரம் ஒருநாள் விடுமுறை. 1988-ல் வந்த புதிய மோட்டார் வாகனச் சட்டமும் வேலை நேரத்துக்கு இந்த 1961 சட்டத்தைத்தான் கை காட்டியது. எல்லாம் இருந்தது, காகிதத்தில். மாமா பெட்ஃபோர்டில் மூன்று ராத்திரி விழித்திருந்தபோதும் சட்டம் இருந்தது.

சட்டம் எப்படி வேலை செய்யவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அதை வேலை செய்யவிடாமல் குறிப்பு எழுதிய கைகளில் இதுவும் ஒன்று.

நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகம் எது என்று சொல்லப்போவதில்லை. தொழிலாளர் மனுக்கள் எங்கள் மேஜைக்கு வரும். ஒரு டிரைவர், முப்பத்தைந்து வயது இருக்கும், கைப்பட எழுதிய மனு கொடுத்தார். ஓய்வே தராமல் தொடர்ந்து ஓட்டச் சொல்கிறார்கள், நாள் கணக்கில் தூங்கவில்லை, முதலாளியிடம் சொன்னால் வண்டிச் சாவியை வை என்கிறார், ஐயா அவர்கள் விசாரிக்க வேண்டும் என்று. விசாரணை நடந்தது. வண்டிகள் மூன்று. ஒன்று முதலாளி பெயரில், ஒன்று மனைவி பெயரில், ஒன்று தம்பி பெயரில். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு டிரைவர். கிளீனர் பையன்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 1961 சட்டம் ஐந்து தொழிலாளருக்குக் குறையாத நிறுவனத்துக்குத்தான் பொருந்தியது. நான் எழுதினேன்: "சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. மேல் நடவடிக்கை தேவையில்லை எனக் கருதலாம்." அதிகாரி கையெழுத்துப் போட்டார். எழுத்துப் பிழை இல்லாத, அழகான குறிப்பு.

ஏழெட்டு மாதம் கழித்து அதே பெயர் இன்னொரு கோப்பில் வந்தது. இந்த முறை மனு கொடுத்தது அவர் மனைவி. விடியற்காலை, தொப்பூர் இறக்கம். முன்னால் நின்ற வண்டியின் பின்னால் மோதியிருக்கிறார். பிரேக் பிடித்த தடயம் இல்லை என்று எழுதியிருந்தது. அந்த அம்மா வெள்ளைச் சேலை கட்டி, ஒரு சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு, என் மேஜைக்கு முன்னால்தான் நின்றார். "அய்யா, இதுக்கு முன்னாடி அவரே ஒரு மனு கொடுத்தாருங்களே, அது இங்கதான் இருக்குமுங்களா?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

கல்யாண வீட்டில் நான் சிரித்தது ஏன் குத்தியது என்று இப்போது புரியும்.

இன்றைய நிலைக்கு வருவோம். கட்டை போடவும் தண்ணீர் ஊற்றவும் பேச்சுத் துணைக்கும் இருந்த கிளீனர் பல வண்டிகளில் இல்லை. செலவு. நேஷனல் பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்றிருந்த விதியையும் 2018-ல் எடுத்துவிட்டார்கள். அதுவும் செலவு. ஒரே ஆள், ஒரு போன். அந்தப் போனில் மணிக்கொரு தடவை "எங்கப்பா இருக்கே?" மாமாவுக்கு இருந்த ஒரே சுகம், சாலையில் இறங்கிவிட்டால் முதலாளியின் குரல் கேட்காது என்பது. இப்போது அதுவும் இல்லை. வண்டி எங்கே நிற்கிறது என்பது நாமக்கல்லில் கட்டிலில் படுத்திருப்பவருக்குத் தெரியும். டிரைவர் எப்போது தூங்கினார் என்பதுதான் தெரியாது.

தொப்பூரில் லாரிகள் நியூட்ரலில் இறங்குகின்றன என்று திட்டுகிறோம். கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் விட்டால் முழுப் பளுவும் பிரேக்கின் மேல். லைனிங் சூடாகி, கடைசி வளைவில் மிதித்தால் பிடிக்காது. இன்ஜினையே அணைத்துவிட்டால் காற்று பிரேக்குக்குக் காற்று நிரப்ப ஆளில்லை. இது டிரைவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கு எழுதி, குறைந்தால் பிடித்துக்கொள்வது யார்? அந்த அரை லிட்டருக்காக உயிரை வைத்து இறங்குகிறார். தப்பு அவருடையதுதான். அந்தக் கணக்கு நோட்டு யாருடையது?

நம் ஊருக்கு இந்தியா முழுவதிலிருந்தும் பாடி கட்ட வெறும் சேஸிஸ் வருகிறதே, அதை ஓட்டி வருகிறவரை எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? கதவு இல்லை, கூரை இல்லை. முகத்தில் துண்டு, கண்ணில் கண்ணாடி. வெயிலும் மழையும் நேராக மேலே. பட்டறையில் அந்தச் சேஸிஸ்மீது தேர் மாதிரி பாடி கட்டுகிறோம். பூ வரைகிறோம், குலதெய்வம் பெயர் எழுதுகிறோம், கண்ணாடி மேல் அலங்கார விளக்கு வைக்கிறோம். டிரைவர் படுக்கும் பலகைக்கு மட்டும் அங்குலக் கணக்குப் பார்க்கிறோம்.

"ஏ.சி. போட்டால் தூங்கிவிடுவான்" என்பது அடுத்த வாதம். தூக்கம் குளிரால் வருவதில்லை, தூங்காததால் வருகிறது. உங்கள் மகன் பெங்களூரில் ஏ.சி. அறையில் உட்கார்ந்துதானே வேலை செய்கிறான்? அவன் தூங்கிவிடுவான் என்று யாராவது அதைப் பிடுங்கினார்களா? வெக்கையில் உடம்பு நீர் வற்றி, தலை கனத்து, கவனம் போகிறது. அதற்கு வைத்தியம் ஈரத்துண்டு என்றால், நம் கல்யாண மண்டபத்துக்கும் ஈரத்துண்டு போதும்.

முதலாளிகளின் கஷ்டமும் எனக்குத் தெரியும். டீசல், டோல், டயர், இன்சூரன்ஸ், மாதத் தவணை; லோடுக்கு வாடகை மட்டும் ஏறுவதில்லை. ஒற்றை லாரி வைத்துத் தானே ஓட்டுகிறவரும் அந்தச் சூட்டில்தான் வேகிறார். குடித்துவிட்டு ஓட்டுகிற டிரைவரும் உண்டு, போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவரும் உண்டு. அவர்களுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் செலவைக் குறைக்க வேண்டிய போதெல்லாம் முதலில் குறைவது அந்த ஒருவருடைய தூக்கமும் உடம்பும்தான். கேட்டால் "அந்தக் காலத்தில்" என்று ஆரம்பிக்கிறோம். பெட்ரோல் ரேஷன் முடிந்ததும் கரி உருளையைக் கழற்றி எறிந்தோம். அப்போது யாரும் "கரி பஸ்தான் நல்ல பஸ்" என்று சொல்லவில்லை. வண்டிக்கு நல்லது வந்தால் முன்னேற்றம், ஓட்டுகிறவருக்கு வந்தால் மட்டும் சொகுசா?

இனி நேராகக் கேட்கிறேன். இதைப் படிக்கும் உங்களில் பலர் வீட்டில் லாரி இருக்கிறது, அல்லது மருமகன் வீட்டில் இருக்கிறது. புது வண்டிக்குச் சட்டமே ஏ.சி. கொடுத்துவிடும், உங்கள் தயவு தேவையில்லை. பழைய வண்டியின் கேபினுக்கு ஒரு நல்ல மெத்தையும், சூட்டைத் தடுக்கும் விரிப்பும், ஒரு மின்விசிறியும் போடச் சொல்லுங்கள். தூர ஓட்டத்துக்கு இரண்டாவது ஆளை அனுப்பச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் செய்து "எங்கே இருக்கே" என்று கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்டே ஆக வேண்டுமானால் "தூங்கினியாப்பா?" என்று கேட்கச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் நம் பக்கத்தில் இன்னும் கேட்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அடுத்த கல்யாணத்தில் யாராவது "அந்தக் காலத்தில் ஏ.சி. இருந்ததா?" என்று கேட்டால் சிரிக்காதீர்கள். இல்லை என்று சொல்லுங்கள். இல்லாததால் என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். என் மாமாவின் வெந்த கையையும், ஓமலூர் மாடுகளையும், மனு எங்கே என்று கேட்ட அந்த அம்மாவையும் சொல்லலாம். என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். அந்தக் குறிப்பை எழுதியவன் நான்தான்.